ரோஜாப்பூ ஒட்டிய இடம்

"எண்ணிப் பாருங்கள், சிகு," என்று புவான் ரோஹாயா பேனா முனையால் படத்தைத் தொட்டுக் காட்டினார்.

எண்ணினேன். கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை ஐந்து. சுண்டுவிரலை ஒட்டி இன்னொன்று. மறுபடி எண்ணினேன். ஆறுதான்.

பதினோரு வருடமாக ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். அந்தப் படத்துக்கு என் கையால் தொண்ணூற்று நான்கு போட்டிருக்கிறேன். அதில் ஒரு விரல் கூடுதலாக இருந்ததை ஒரு நாளும் நான் கவனித்ததில்லை.

புவான் ரோஹாயா அலோர் ஸ்டாரிலிருந்து வந்திருந்த மதிப்பீட்டாளர். மலாயில் அம்மையாருக்குப் புவான், டீச்சருக்குச் சிகு. பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவ மாணவர்களின் ஓவியத் தொகுப்புகளை அவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் நான் கொடுத்த மதிப்பெண் நிற்கும். காலை எட்டரைக்கே ஓவிய அறையில் வந்து உட்கார்ந்துவிட்டார். பதினேழு தொகுப்புகளில் பதினாறு முடிந்துவிட்டன. கடைசி, காஞ்சனாவுடையது.

படம் இதுதான். விடிவதற்கு முன் கையுறைத் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன். உள்ளே ஏழு பெண்கள் தூங்குகிறார்கள். ஒருத்தியின் தலை பக்கத்தில் இருப்பவளின் தோளில் சரிந்திருக்கிறது. இன்னொருத்தி வாயைப் பிளந்துகொண்டிருக்கிறாள். ஜன்னலோரப் பெண்ணும் தூங்குகிறாள், ஆனால் அவள் வலது கை மட்டும் முன் இருக்கையின் கம்பியை விடாமல் பிடித்திருக்கிறது. தெருவிளக்கு வெளிச்சம் விழுவது அந்தக் கையில். பார்ப்பவர் கண் முதலில் போய் நிற்பதும் அங்கேதான். அந்தக் கையில்தான் ஆறு விரல்.

"கணினியிடம் கேட்டு வாங்கும் படங்களில் இப்படித்தான் விரல் கூடும், குறையும்," என்றார். குரலில் கோபமும் இல்லை, கிண்டலும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. "இந்த வருடம் இது எனக்கு நான்காவது. கைபேசியில் விரலால் வரைந்தேன் என்று எழுதியிருக்கிறாள். வரைந்திருக்கலாம். அப்படியென்றால் வரைந்த வழியைக் காட்டட்டும். முதல் கோடு, பாதிப் படம், அழித்தது, திருத்தியது. மற்ற பதினாறு பேரிடமும் ஓவிய நோட்டு இருக்கிறதே, இவளுடையது எங்கே?"

"இவள் எல்லாவற்றையும் இணையப் பலகையிலேயே வரைந்தாள், புவான். ஒவ்வொரு நாள் வேலையும் அதில் பதிவாகும்."

"நல்லது. பலகையைத் திறங்கள்."

திறக்க முடியாது. ஜூலை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை கோபத்தில் அதை அழித்துவிட்டேன். அதையும் சொன்னேன்.

புவான் ரோஹாயா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இரண்டரைக்கு நான் குருணில் இன்னொரு பள்ளியில் இருக்க வேண்டும். ஒன்றரை வரை இங்கே இருப்பேன். அதற்குள் ஏதாவது காட்டினால் பார்க்கிறேன். இல்லையென்றால் பூஜ்யம்தான் போட முடியும். அது அவளை என்ன செய்யும் என்று எனக்கும் தெரியும், சிகு."

காஞ்சனாவுக்கு மற்ற பாடங்களெல்லாம் சுமார்தான். ஓவியம் ஒன்றை நம்பித்தான் கலைக் கல்லூரி டிப்ளோமாவுக்கு அவள் பெயரைக் கொடுத்திருந்தோம். ஓவியத்தில் பூஜ்யம் என்றால் கல்லூரி கிடையாது. பரீட்சை முடிந்த மறு வாரமே அந்த வேனில் அவளுக்கும் ஒரு இருக்கை ஒதுக்கிவிடுவார்கள். அவள் அம்மா குணசுந்தரி அதே வேனில்தான் வேலைக்குப் போகிறார். மகளுக்கான தொழிற்சாலை விண்ணப்பத்தை நிரப்பித் தயாராக அலமாரியில் வைத்திருக்கிறாராம். காஞ்சனாவே ஒருமுறை சிரித்துக்கொண்டு சொன்னாள்.

மணி பத்தே முக்கால்.

பிப்ரவரியில் அந்தப் பலகையை ஆரம்பித்தபோது எனக்கு அவ்வளவு பெருமை. என் மாணவர்களில் பாதிப் பேருக்கு நல்ல வண்ணமும் தூரிகையும் வாங்க வசதியில்லை. ஆனால் கண்ணாடி கீறிய கைபேசியாவது எல்லோரிடமும் இருந்தது. இணையத்தில் ஒரே பலகை, அதில் ஆளுக்கொரு மூலை. ஒருவர் வரைவதை மற்றவர் அப்போதே பார்க்கலாம், கருத்து எழுதலாம், ஸ்டிக்கர் ஒட்டலாம். கடவுச்சொல், கணக்கு என்று ஆரம்பித்தால் பிள்ளைகள் சோர்ந்துவிடுவார்கள் என்று, லிங்க் கையில் இருக்கும் யாரும் வரலாம், யாரும் கை வைக்கலாம் என்று திறந்துவிட்டேன். "நோட்டெல்லாம் வேணாம், எல்லாத்தையும் போர்டிலேயே செய்ங்க," என்று வகுப்பில் முழங்கியதும் நான்தான். மற்றவர்கள் என் பேச்சை முழுதாக நம்பாமல் நோட்டும் வைத்துக்கொண்டார்கள். காஞ்சனா நம்பினாள்.

அவள் வேனை வரையத் தொடங்கியதும் குணசுந்தரிக்குப் பெருமை தாங்கவில்லை. லிங்கை எடுத்து வேன் பெண்களின் வாட்ஸாப் குழுவில் போட்டுவிட்டார். ஏழு பெண்களும் பலகைக்குள் நுழைந்தார்கள். தினமும் வேலைக்குப் போகும்போது வேனில் உட்கார்ந்தபடியே, தங்களைப் பற்றிய படம் வளர்வதைப் பார்த்துக் கருத்து எழுதினார்கள். "டிரைவர் சீட்டு அந்தப் பக்கம்லா பாப்பா." "நான் என்ன இவ்ளோ குண்டாவா இருக்கேன்?" ஒருத்தர் எழுதினார்: "ஆறே முக்காலுக்கு வானம் கறுப்பு இல்ல பாப்பா, கருநீலம்." அந்த ஒரு வரிக்காகக் காஞ்சனா மூன்று நாள் உட்கார்ந்து வானத்தை மாற்றினாள். அன்றைக்குத்தான் படம் படமானது. ஆசிரியர் கூட்டத்தில் அந்த வரியைப் படித்துக் காட்டிக் கைதட்டல் வாங்கியவளும் நான்தான்.

கூடவே ரோஜாவும் வந்தது.

பனித்துளியோடு, பூசணிக்காய் கணக்கில், சிவப்பு ரோஜா ஸ்டிக்கர். ஒவ்வொரு நாள் காலையும் காஞ்சனாவின் படத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் "இனிய செவ்வாய்க்கிழமை காலை வணக்கம்." நான் எடுத்துப் போடுவேன். மறுநாள் புதன்கிழமைப் பூ வந்திருக்கும். ஒட்டுவது மருதம்மாள் என்ற பெண் என்று பலகையே காட்டியது. பூ ஒட்டாதீர்கள் என்று குறிப்பு எழுதினேன். கேட்டபாடில்லை.

ஜூலையில் அந்த வெள்ளிக்கிழமை, தலைமையாசிரியர் விருந்தினர் இருவரை அழைத்து வந்து, "எங்கள் பிள்ளைகள் இணையத்தில் வரைகிறார்கள், பாருங்கள்," என்று திரையில் பலகையைக் காட்டினார். திரை முழுக்க ரோஜாப்பூ. விருந்தினர்கள் சிரித்துவிட்டார்கள். பாவசங்கீர்த்தனத்தில் நான் எப்போதும் முதலில் சொல்லும் பாவம் கோபம், ஃபாதருக்கே அது மனப்பாடம். அவர்கள் போனதும் கைபேசியை எடுத்து ஒரு குரல் பதிவு போட்டேன். "இது ஆர்ட் கிளாஸ், பசார் இல்ல. பூ ஒட்டணும்னா பூக்கடைக்குப் போங்க. படிக்கிற பிள்ளைங்க வேலையில படிக்காதவங்க கை வைக்காதீங்க." அதைக் குணசுந்தரிக்கு அனுப்பி வேன் குழுவில் போடச் சொன்னேன். டீச்சர் சொன்னால் மறுக்கத் தெரியாத மனுஷி அவர், போட்டுவிட்டார். நான் காஞ்சனாவின் படத்திலிருந்து பூவைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, பிள்ளைகளின் முடிந்த படங்களை மட்டும் இறக்கி வைத்துக்கொண்டு, பலகையை அழித்தேன். குப்பைத் தொட்டியில் போன பலகை முப்பது நாள் இருக்கும், பிறகு தானாகவே காணாமல் போகும். இப்போது செப்டம்பர்.

காஞ்சனாவை வகுப்பிலிருந்து வெளியே அழைத்தேன். நடைபாதையிலேயே நிறுத்திக் கேட்டேன்.

"உண்மையச் சொல்லு. அந்தக் கைய நீ வரஞ்சியா, இல்ல ஏதாச்சும் ஆப்ல போட்டு எடுத்தியா?"

நானும் அவளைச் சந்தேகப்பட்டேன். ஒரு நிமிடம்தான், ஆனாலும் பட்டேன். அவள் அதை என் முகத்தில் பார்த்துவிட்டாள்.

"நான்தான் வரஞ்சேன் டீச்சர்."

"அப்ப ஏன் ஆறு விரலு?"

"மருதம்மா அத்தைக்கு ஆறு விரலு டீச்சர். ஸ்கூல் லீவுல நானும் அந்த வேனுல வேலைக்குப் போனேன்ல, அப்ப பாத்தேன். தூங்கும்போதுதான் அவங்க கை வெளிய இருக்கும்."

மருதம்மாள். ரோஜாப்பூ மருதம்மாள்.

"அவங்க போட்டோ ஏதாச்சும் இருக்கா?"

"அத்தை போட்டோவுக்கு நிக்கவே மாட்டாங்க. நின்னாலும் கைய மறச்சுக்குவாங்க."

குணசுந்தரிக்குப் போன் போட்டேன். இந்த வாரம் அவர்களுக்கு இரவு ஷிப்ட். தூக்கக் குரலில் எடுத்தவர், விஷயத்தைக் கேட்டதும் அழ ஆரம்பித்துவிட்டார். அழுகைக்கு நடுவில் ஒரு நல்ல செய்தி வந்தது. "மருதம்மாகிட்ட இருக்கும் டீச்சர். தினமும் போர்டு படத்த ஸ்க்ரீன்ஷாட் எடுத்துத்தான் வேன் குரூப்புல காலை வணக்கம் போடுவா. என் போன்ல எடம் இல்லன்னு நான் எல்லாத்தையும் அழிச்சிட்டேன். மத்தவங்களும் அழிச்சிருப்பாங்க. அவ வச்சிருப்பா." பிறகு தயங்கினார். "ஆனா நீங்க அந்த வாய்ஸ் போட்டீங்கல்ல, அன்னிக்கே அவ குரூப்ப விட்டுப் போயிட்டா. போன் போட்டா எடுக்க மாட்டா. நேராப் போங்க."

தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கி, காஞ்சனாவைக் காடியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். பாடாங் செராய் பசார் தெருவில் நெரிசல், ஒரு லாரிக்குப் பின்னால் ஏழு நிமிடம் நின்றேன். ஹார்ன் அடித்தேன், ஸ்டியரிங்கைக் குத்தினேன். காஞ்சனா மடியில் கையைக் கோத்து வைத்துக்கொண்டு வந்தாள். செம்பனை மரங்களுக்கு நடுவில் எஸ்டேட் வீடுகள் வந்தபோது பதினொன்றே முக்கால் ஆகியிருந்தது.

மூன்று முறை கதவைத் தட்டிய பிறகு மருதம்மாள் வந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. இரவு முழுக்க வேலை பார்த்துவிட்டு இப்போதுதான் படுத்திருக்க வேண்டும், கண் சிவந்திருந்தது. வலது கையின் மேல் ஒரு துண்டு கிடந்தது. அவரை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. அவருக்கு என் குரல் தெரிந்திருந்தது.

"நீங்கதான் டீச்சரா?" என்றார். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். விரல் என்ற வார்த்தையை மட்டும் சொல்ல வரவில்லை. படத்தைச் சந்தேகப்படுகிறார்கள், வரைந்த வழி தெரிய வேண்டும் என்றேன். கடைசியில், "நான் அன்னிக்குப் பேசுனது தப்புக்கா," என்றேன்.

"தப்புன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுதா டீச்சர்?"

ஜூலையிலிருந்து இரண்டு மாதம். இந்த வீடு பள்ளியிலிருந்து அரை மணி நேரம்தான். எனக்கு வெட்கமாக இருந்தது. "இல்லக்கா. உங்க உதவி வேணும்னு ஆனப்பறம்தான் வந்தேன்," என்றேன்.

அவர் என்னை விட்டுவிட்டுக் காஞ்சனாவைப் பார்த்தார். உள்ளே போய்க் கைபேசியை இடது கையில் கொண்டுவந்து நீட்டினார்.

ஐம்பத்தெட்டு படங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் தேதி, கிழமை, காலை வணக்கம். முதல் நாள் வெறும் சதுரத்துக்குள் ஏழு முட்டைகள். ஒரு வாரத்தில் முட்டைகளுக்குத் தலைமுடி, தோள். பிறகு கறுப்பு வானம், அது பாதி நீலமான நாள், முழுதும் நீலமான நாள். வாய் பிளந்த பெண்ணின் வாயை மூடி, மறுநாள் மறுபடி திறந்திருந்தாள். எந்தக் கணினியும் இப்படித் தட்டுத்தடுமாறி ஒரு படத்தைப் போடாது. எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. "அக்கா, இது போதும், இது போதும்," என்று உளறினேன்.

மறுபடி முதலிலிருந்து தள்ளிப் பார்க்கும்போதுதான் கண்ணில் பட்டது. முதல் பத்துப் பன்னிரண்டு படங்களில் ரோஜா எங்காவது ஒரு மூலையில் கிடந்தது. கையை வரையத் தொடங்கிய நாளில் அது நகர்ந்து கையின் மேல் வந்தது. அதற்குப் பிறகு கடைசிப் படம் வரை, ஒரு நாள் கூட, அந்த இடத்தை விட்டு அது அசையவில்லை.

தினமும் காலையில் அதைப் பிடுங்கிப் போட்டவள் நான். பிள்ளைகளுக்குப் பார்க்கக் கற்றுக்கொடுப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள்.

நிமிர்ந்தபோது என் பார்வை அந்தத் துண்டின் மேல் போய்விட்டது. அவர் அதை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டார்.

"கையுறைக் கிலாங்குல நாங்க செய்யிற உறையில அஞ்சு விரலுதான் டீச்சர்," என்றார். "இருவத்திரெண்டு வருஷமா இத மடிச்சு உள்ள தள்ளித்தான் நானும் மாட்டிக்கிறேன். சூப்பர்வைசர் என்னய 'ஆறு'ன்னுதான் கூப்புடுவான். எனக்குப் பேரு இருக்கு. வேனுல நாங்க ஏழு பேரு, அதுல யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஆனா போர்டு ஊருக்கே தொறந்து கெடந்துச்சு. எனக்கு அழிக்கத் தெரியாது, வரையத் தெரியாது. பூ ஒட்டத்தான் தெரியும்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேக்கா."

"என்னான்னு சொல்ல? நீங்க ஒரு வார்த்த கேட்டீங்களா?"

நான் கேட்டதில்லை. ஆனாலும் காலம் ஓடிக்கொண்டிருந்தது, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. "அக்கா, அவங்க சந்தேகப்படுறதே அந்த எடத்ததான். நீங்க ஒரு தடவ வந்து..."

"போன எடுத்துட்டுப் போங்க," என்றார். "நான் வரல." சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டார்.

எஸ்டேட் சாலையில் காடியைத் திருப்பினேன். பெரிய சாலை வந்ததும் காஞ்சனா சொன்னாள்.

"எனக்குத் தெரியும் டீச்சர்."

"என்ன தெரியும்?"

"அத்தை ஏன் பூ ஒட்டுறாங்கன்னு. மொத நாளே தெரிஞ்சுருச்சு." அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு பேசினாள். "சொன்னா கைய மாத்தச் சொல்லுவீங்க. படத்துல அதுதான் நல்லா வந்துச்சு. அதான் சொல்லல. நீங்க அவங்களத் திட்டுனப்பகூடச் சொல்லல."

கத்த வேண்டும் போல் வாய்வரை வந்தது. வேறு நாளாக இருந்தால் காடியை ஓரம் கட்டிக் கத்தியிருப்பேன். ஆனால் அவளுக்கு அதைச் சொல்லும் யோக்கியதை எனக்கு எங்கே இருந்தது? பேசாமல் ஓட்டினேன்.

பன்னிரண்டு ஐம்பதுக்கு ஓவிய அறைக்குள் நுழைந்தோம். புவான் ரோஹாயா கைபேசியை வாங்கி, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு படமாகப் பார்த்தார். அவசரமே படவில்லை. தேதிகளைத் தன் குறிப்பேட்டில் எழுதினார். முட்டைகளைப் பார்த்துச் சிரித்தார். வானம் நீலமான இடத்தில் காஞ்சனாவை நிமிர்ந்து பார்த்து, "ஏன் மாற்றினாய்?" என்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் தலையாட்டினார். எனக்கு மூச்சு வந்தது.

ஐம்பத்தெட்டும் முடிந்தன. அவர் மறுபடி நடுவிலிருந்து ஒரு படத்தைத் திறந்து வைத்துக்கொண்டார்.

"வேனை இவள்தான் வரைந்தாள். அதில் எனக்குச் சந்தேகமில்லை," என்றார். "கை எங்கே?"

திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

"எல்லாப் படத்திலும் இந்த ஒரு இடம் மட்டும் மூடியிருக்கிறது. கடைசியில் பூவை எடுத்தால் முழுசாக ஒரு கை இருக்கிறது. படத்திலேயே தேர்ந்த இடம் அது. அதற்காகத்தான் நீங்கள் இவ்வளவு மதிப்பெண் கொடுத்திருக்கிறீர்கள். கையை மட்டும் வேறு எங்கிருந்தாவது எடுத்து ஒட்டவில்லை என்று நான் எப்படிச் சொல்வது?"

"அப்படி ஒரு கை உள்ள பெண் இருக்கிறார், புவான். இது அவருடைய கைபேசிதான்."

"அவரை வரச் சொல்லுங்களேன்."

"வரமாட்டார். வரச் சொல்லிக் கேட்க எனக்கு உரிமையும் இல்லை."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நான் உங்களை நம்புகிறேன், சிகு. ஆனால் படிவத்தில் நம்பினேன் என்று எழுத இடமில்லை."

ஒன்று பத்து. ஒன்று இருபது. பள்ளி மணி அடித்தது, பிள்ளைகள் வெளியே ஓடினார்கள். புவான் ரோஹாயா பதினாறு தொகுப்புகளையும் அடுக்கிப் பெட்டியில் வைத்தார். பதினேழாவதன் படிவத்தை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார். காஞ்சனா ஜன்னலோரம் போய்த் திரும்பி நின்றுகொண்டாள், அவள் தோள் குலுங்குவது எனக்குத் தெரிந்தது. நான் மனதுக்குள் மாதாவைக் கூப்பிட்டேன். கடைசியாக எப்போது அப்படிக் கூப்பிட்டேன் என்று நினைவில்லை.

"டீச்சர்," என்றாள் காஞ்சனா. "அம்மா மோட்டார்."

எட்டிப் பார்த்தேன். குணசுந்தரி மோட்டார் சைக்கிளை வாயிற்காவலர் அறைக்கு முன் நிறுத்தியிருந்தார். பின்னால் மருதம்மாள். காவலர் புத்தகத்தைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், வருகிறவர் பெயர், அடையாள அட்டை எண் எல்லாம் எழுத வேண்டும். மருதம்மாள் இடது கையால் மெதுவாக எழுதிக்கொண்டிருந்தார்.

"புவான், ஐந்து நிமிடம்," என்றேன். "அவர் வந்துவிட்டார்." என் குரல் எனக்கே கெஞ்சலாகக் கேட்டது.

புவான் ரோஹாயா பேனாவை மூடினார்.

மருதம்மாள் உள்ளே வந்தபோது என்னைப் பார்க்கவில்லை. வலது கை துப்பட்டாவுக்குள் சுருண்டிருந்தது. மேசையில் கிடந்த படத்தை முதலில் பார்த்தார். கைபேசியின் சின்னத் திரையிலேயே பார்த்தவருக்கு அது பெரிதாக அச்சானதைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு துப்பட்டாவைத் தள்ளி, வலது கையை எடுத்து, படத்தில் இருந்த கைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இது என் கை, புவான்," என்று மலாயில் சொன்னார்.

புவான் ரோஹாயா எண்ணவில்லை. குனிந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். ஆறாவது விரலின் நகம் சின்னதாக, உள்பக்கம் திரும்பியிருந்தது. படத்திலும் அப்படியே. மணிக்கட்டுக்குக் கீழே பழைய சூட்டுத் தழும்பு ஒன்று. படத்திலும் இருந்தது. அதையும் நான் கவனித்ததில்லை.

"கோப்பில் வைக்க ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டார்.

"வேண்டாம், புவான்."

அவ்வளவுதான், இவ்வளவு தூரம் வந்து இங்கே நின்றுவிட்டது என்று நினைத்தேன். புவான் ரோஹாயா படிவத்தைத் திருப்பினார். பின்பக்கத்தில் நாலு வரி எழுதினார். நேரில் பார்த்தேன், ஒப்பிட்டேன், மாணவியின் சொந்த வேலை என்று உறுதி செய்கிறேன். கையெழுத்துப் போட்டு, நேரத்தையும் குறித்தார். ஒன்று நாற்பத்திரண்டு.

"நன்றி, காக்கா," என்று மருதம்மாளிடம் மலாயில் அக்கா முறை வைத்துச் சொன்னார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு குருணுக்குக் கிளம்பினார்.

குணசுந்தரி மகளைக் கட்டிக்கொண்டு அழுதார். மருதம்மாள் கையை மறுபடி துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டார். காஞ்சனா அவர் முன்னால் போய் நின்றாள்.

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல பாப்பா," என்றார் அவர். "கேட்டிருந்தா வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா கேட்டிருக்கலாம்."

காஞ்சனாவால் மன்னிப்புக் கேட்கக்கூட முடியவில்லை, தேம்பிக்கொண்டே தலையை மட்டும் ஆட்டினாள். நான் மருதம்மாளிடம் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, மறுபடி இரவு ஷிப்ட் இருக்கிறது, தூங்க வேண்டும் என்று சொல்லிப் போய்விட்டார். என்னை மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. இன்றுவரை கேட்டதில்லை.

அக்டோபரில் பள்ளிக் கண்காட்சி வந்தது. புதிதாக ஒரு பலகை திறந்தேன். இந்த முறை, படத்தில் இருப்பவரிடம் கேட்காமல் எந்தப் படமும் ஏறக்கூடாது என்பது ஒரே விதி. காஞ்சனா ஒரு ஞாயிற்றுக்கிழமை மருதம்மாள் வீட்டுக்குத் தனியாகப் போய்க் கேட்டுவிட்டு வந்தாள்.

"மாட்டச் சொல்லிட்டாங்க டீச்சர். ஆனா பூ இருக்கணுமாம்."

ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னேன். அவள் மாட்டேன் என்றாள். மூன்று நாள் உட்கார்ந்து அந்த ரோஜாவை அவளே வரைந்தாள். அதே பூசணிக்காய் அளவு, அதே பனித்துளி. தெருவிளக்கு வெளிச்சத்தை அதன் இதழ்களில் விழ வைத்தாள். பலகையில் ஏற்றினேன், அச்செடுத்துச் சுவரிலும் மாட்டினேன்.

திறப்பு நாளன்று தலைமையாசிரியரோடு ஒரு விருந்தினர் சுற்றி வந்தார். வேன் படத்தின் முன் நின்றவர், முகத்தைச் சுளித்து என் பக்கம் திரும்பினார். "எவ்வளவு நல்ல படம் டீச்சர். நடுவுல இந்தப் பூவ எதுக்கு வச்சீங்க? கெடுத்திருச்சே."

ஜூலையில் நான் பேசிய பேச்சு. எனக்கு வழக்கம்போல் காது சூடானது. அடக்கிக்கொண்டேன்.

"கேட்டுத்தான் வச்சிருக்கோம்," என்றேன்.